வாத்துகளை எண்ணுவது வீண் வேலையா?

மாணவ நண்பர்களே, வாத்துகளை எண்ணுவதற்காக ஆண்டுதோறும் விமானங்களை அனுப்பும் அரசாங்கங்கள் இருக்கின்றன என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். "இதற்கு இவ்வளவு செலவா? ஒருமுறை எண்ணினால் போதாதா?" என்றும் நீங்கள் கேட்கலாம். போதாது என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கனடாவின் தென்பகுதியிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பிரெய்ரி என்னும் புல்வெளி பரந்து கிடக்கிறது. பனியுகத்தின் முடிவில் பனியாறுகள் பின்வாங்கியபோது அங்கே லட்சக்கணக்கான பள்ளங்கள் உண்டாயின. வசந்த காலத்தில் உருகும் பனிநீர் அவற்றில் தேங்கும். பூச்சிகளும் புழுக்களும் பெருகும். குஞ்சு பொரிக்க வாத்துகளுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

1955ஆம் ஆண்டு முதல் அவ்விரு நாடுகளும் சேர்ந்து, இப்புல்வெளியிலிருந்து வடக்கே அலாஸ்கா வரை வாத்துகளைக் கணக்கெடுத்து வருகின்றன. மே மாதத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 45 மீட்டர் உயரத்தில், சிறு விமானங்கள் நேர்கோட்டில் பறக்கும். ஆண்டுதோறும் அதே கோடுகள்தாம். விமானி இடப்பக்கமும் உடன் செல்பவர் வலப்பக்கமும் 200 மீட்டர் அகலத்துக்குள் தென்படும் வாத்துகளை எண்ணுவார்கள். குட்டைகளையும் எண்ணுவார்கள்.

விமானத்திலிருந்து பார்த்தால் எல்லா வாத்துகளும் கண்ணில் படுமா? படாது. புல்லுக்குள் மறைந்தவை தப்பிவிடும். ஆகவே சில பகுதிகளில் வேறொரு குழு தரையில் நடந்து சென்று எண்ணும். இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டு, மேலிருந்து பார்த்தவர்கள் எவ்வளவு தவறவிட்டார்கள் என்று கண்டு திருத்திக்கொள்வார்கள். தன் குறையையும் அளந்து பார்ப்பதுதான் விஞ்ஞானம். எத்தனை வாத்துகளை வேட்டையாட அனுமதிக்கலாம் என்ற விதிகளுக்கும் இக்கணக்கே அடிப்படையாக இருந்து வந்திருக்கிறது.

இதன் பயனுக்கு ஊசிவால் வாத்து நல்ல உதாரணம். குளிர்காலத்தில் நம் கோடிக்கரைக்கு வருவதும் இதே இனந்தான். ஆனால் நம்மிடம் வருபவை ஆசியாவின் வடபகுதியைச் சேர்ந்தவை. வட அமெரிக்காவில் 1950களின் நடுவில் இவ்வினம் ஏறக்குறைய 1 கோடி இருந்தது. குட்டைகள் நிரம்பிய ஆண்டுகளில் கூடும். வறண்ட ஆண்டுகளில் குறையும். 1980களின் கடும் வறட்சியில் பல இன வாத்துகள் குறைந்தன. 1990களில் மழை திரும்பியது. மற்ற இனங்கள் பெரும்பாலும் மீண்டன. ஊசிவால் மீளவில்லை. 2022இல் இருந்தவை சுமார் 18 லட்சமே.

தண்ணீர் வந்தும் பறவை ஏன் பெருகவில்லை? ஊசிவால் வசந்தத்தின் தொடக்கத்திலேயே, அறுவடை முடிந்த வயலின் தாள்களுக்கிடையே கூடு கட்டும். முன்பு தரிசாகக் கிடந்த நிலங்களிலும் இப்போது ஆண்டுதோறும் பயிரிடுகிறார்கள். விதைப்புக்காக இயந்திரங்கள் ஓடும்போது முட்டைகள் நசுங்குகின்றன. இது முக்கியமான காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இலையுதிர் காலத்திலேயே கோதுமையை விதைத்துவிட்டால் கூடுகள் தப்பும் என்ற யோசனையும் இதிலிருந்தே பிறந்தது. பறவையையும் குட்டையையும் சேர்த்துப் பல பத்தாண்டுகள் எண்ணியிராவிட்டால், "எல்லாம் வறட்சியால் வந்தது, மழை பெய்தால் சரியாகிவிடும்" என்றே சொல்லிக்கொண்டிருப்போம் அல்லவா?

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கொரோனா தொற்றால் இக்கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2021இல்தான் பிரெய்ரியில் கடும் வறட்சி. அவ்வாண்டின் மே மாதத்தில் எத்தனை வாத்துகள் இருந்தன என்பதை இனி எந்தப் பணத்தைக் கொடுத்தும் எண்ண முடியாது.

"செயற்கைக்கோளும் டிரோனும் இருக்கும்போது பழைய முறை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். புதிய கருவிகள் வரட்டும். ஆனால் சில ஆண்டுகளாவது இரண்டு முறைகளையும் சேர்த்தே நடத்த வேண்டும். இல்லாவிட்டால், எண்ணிக்கை மாறும்போது மாறியது பறவையா, அளவுகோலா என்று தெரியாமல் விழிப்போம்.

நீங்களும் இதைச் செய்யலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. உங்கள் ஊர் ஏரியில் ஆசிரியர் துணையுடன், ஆண்டுதோறும் அதே வாரத்தில், அதே கரையிலிருந்து எண்ணுங்கள். நீர் எவ்வளவு இருந்தது என்றும் எழுதுங்கள். ஒரு பறவையும் இல்லையென்றால் சோர்ந்துவிடாமல் "0" என்று குறித்து வையுங்கள். உங்களுக்குப் பின் அந்த ஏரிக்கரைக்கு வரும் மாணவர்களுக்கு அந்தப் பூஜ்யமும் தேவைப்படும்.