ஃபார்மட் என்னும் ஓமகுண்டம்

மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் கணினி பழுதுபார்க்கும் கடைகள் பலவற்றில் நோய் எதுவானாலும் மருந்து ஒன்றுதான். அதன் பெயர் ‘ஃபார்மட்’. கணினி எழுகிறது, நீலத்திரை காட்டுகிறது, தானே அணைகிறது, மீண்டும் எழுந்து மீண்டும் நீலத்திரையில் விழுகிறது. கடைக்காரர் ஒரு நிமிடம் பார்க்கிறார். “ஃபார்மட் போட்டாத்தான் சார் சரியாகும்” என்கிறார். முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்ற நாம் தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டலை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று முகம் சுளிப்போர், உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிச் சென்ற கதையை நினைவுகூர வேண்டும். பழைய ஏடுகளை ஆகம விதி என்ற பெயரில் நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்ட செய்தி அவருக்கு அங்கே கிடைத்தது. ‘என் சரித்திர’த்தில் அவர் எழுதிச் சென்ற அந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போது நாம் எல்லோரும் பெருமூச்சு விடுகிறோம். எரித்தவர்கள் தமிழின் பகைவர்கள் அல்லர். எரிப்பதே முறை என்று யாரோ சொன்னதை நம்பியவர்கள். இன்று நம் ஊர்களில் நடப்பது வேறென்ன?

எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் மூன்றாண்டு அலைந்து ஒப்பாரிப் பாடல்களைப் பதிவு செய்தார். ஒருநாள் புதிய அச்சுப்பொறிக்கான இயக்கியை நிறுவினார். மறுநாள் கணினி திறக்கவில்லை. கடையில் அரைமணி நேரத்தில் ‘சரி’ செய்து கொடுத்தார்கள். கணினி பளிச்சென்று இருந்தது. பாடல்கள் இல்லை. பாடிய மூதாட்டியர் இருவர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். அழிந்தது எந்திரக் கோளாற்றால் அன்று. கோளாற்றுக்குச் செய்த வைத்தியத்தால்.

இயக்கி, அதாவது ‘டிரைவர்’, என்பது என்ன? அச்சுப்பொறி, திரை, ஒலி, வலையமைப்பு போன்ற ஒவ்வொரு கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே மொழிபெயர்க்கும் சிறு நிரல். இவற்றுள் பல, இயங்குதளத்தின் கருவறையான ‘கெர்னல்’ வரை செல்லும் உரிமை பெற்றவை. சாதாரண நிரல் தவறினால் அது மட்டும் விழும். கருவறைக்குள் இருப்பது தவறினால் கணினி முழுவதும் விழும். அத்தகைய இயக்கி கணினி எழும்போதே ஏற்றப்படுவதாக இருந்தால், ஒவ்வொரு முறை எழும்போதும் அதே கல் தடுக்கி விழும். இதில் உங்கள் கட்டுரைக்கும் பாடலுக்கும் புகைப்படத்துக்கும் ஒரு கீறலும் இல்லை. அவை வட்டில் அப்படியே இருக்கின்றன. பூட்டு பழுதானதற்காக யாரேனும் வீட்டைக் கொளுத்துவார்களா?

இது என் கற்பனை வாதமன்று. 2024 ஜூலை 19 அன்று உலகமே இதற்குச் சான்று கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறு தரவுக்கோப்பை அனுப்பியது. நம் நேரப்படி காலை 9.39-க்குப் போன கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. இருபது உள்ளீடுகளே தரப்பட்ட இடத்தில் இருபத்தொன்றாவதைப் படிக்கப்போனது, கருவறையில் இருந்த அந்நிறுவனத்தின் இயக்கி. அவ்வளவுதான். இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் தரப்பட்டன.

மருந்து என்ன? ஃபார்மட் அன்று. கணினியைப் ‘பாதுகாப்பு நிலை’யில், அதாவது ‘சேஃப் மோட்’டில், எழுப்பி 291 என்ற எண் தாங்கிய கோப்பை மட்டும் நீக்குவது. இதைப் பல இடங்களில் ஒவ்வொரு கணினியாகச் சென்று மனிதக் கைகள்தாம் செய்தன. உலகின் பெருநிறுவனங்களுக்கு ஒரு கோப்பை நீக்கினால் போதும் என்றால், நம் ஊர் ஆய்வு மாணவிக்கு மட்டும் ஏன் அனைத்தையும் அழிக்க வேண்டும்?

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. சில நூறு ரூபாய்க் கூலிக்கு இரண்டு மணிநேரம் நோய்நாடி நோய்முதல் நாட அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் நாம் அவரிடம் அதைக் கேட்டதுண்டா? கூடுதல் கூலி தருகிறோம், கோப்புகள் வேண்டும் என்று சொன்னதுண்டா? “பிரதி எடுத்து வைக்காதது அவரவர் குற்றம்” என்பார் சிலர். பிரதி அவசியம்தான். ஆனால் நேற்று மாலை பதிவு செய்த பாடல், பதிவான அன்று உலகில் ஒரே பிரதிதான்.

நிறுவனங்களையும் விட்டுவிட முடியாது. நம்மைக் கேளாமலே நம் கணினியின் கருவறைக்குள் எதையும் அனுப்பும் உரிமையை எடுத்துக்கொண்டவர்கள், விழுந்தபின் கைகொடுக்கும் கடமையை முழுதாக ஏற்கவில்லை. அந்த ஜூலை விபத்துக்குப் பின் கிரவுட்ஸ்டிரைக் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பிய நன்றிப் பரிசு, பத்து டாலர் உணவுச் சீட்டு! மைக்ரோசாஃப்ட் சில மீட்பு ஏற்பாடுகளைச் செய்தது உண்மை. கூடவே 2025-இல் நீலத்திரையைக் கறுப்பாக மாற்றியது. துக்கத்துக்கு நிறம் பொருந்தும், தீர்வாகாது.

ஆகவே என் கட்சி இது. கணினி எழாதபோது, ஃபார்மட் என்ற சொல்லுக்குத் தலையாட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். கடைசியாக என்ன நிறுவப்பட்டது? பாதுகாப்பு நிலையில் எழுகிறதா? எழுந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த இயக்கியை நீக்கிப் பார்த்தாயிற்றா, அல்லது முந்தைய பதிப்புக்குத் திருப்பியாயிற்றா? எழாவிட்டால், பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றியோ வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தோ கோப்புகளை எடுத்தாயிற்றா? வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புத் திறவெண் வேண்டும்; அதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்நான்கும் தோற்றபின் ஃபார்மட் போடுங்கள், மறுக்கவில்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மின்பதிப்புத் திட்டத்துக்கு மதுரையின் பெயரைச் சூட்டினார்கள். தன்னார்வலர்கள் எங்கெங்கோ இருந்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டு நூல்களைக் காத்தார்கள். அப்பெயருக்குரிய ஊரில் இருந்துகொண்டு, “கணினி நமக்கு வராது சார்” என்று சொல்வதை இன்னும் பெருமையாகக் கருதும் தமிழாசிரியர்களைக் கேட்கிறேன்: ஏட்டைத் தீயிலிட்டவர்களை இனி எந்த முகத்தோடு பழிப்பீர்கள்?