தோற்றம் ஒன்று, இழுவை வேறு

2025 செப்டம்பர் 22. கார்களுக்கான புதிய ஜி.எஸ்.டி. விகிதம் அமலுக்கு வந்த நாள். அன்றிரவு கொல்கத்தாவில் மழை பிடித்துக்கொண்டது. 24 மணி நேரத்துக்குள் சுமார் 250 மி.மீ. கொட்டித் தீர்த்ததில் தெருவில் நின்ற கார்கள் பாதி மூழ்கின. உயரமான எஸ்.யூ.வி. ஒன்று வாங்கினால் என்ன என்று நடுத்தரக் குடும்பம் யோசிக்க இதைவிடத் தோதான வேளை கிடையாது. குழப்பமும் அங்கேதான் ஆரம்பம்.

புதிய விகிதப்படி, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் அல்லது 1,500 சி.சி.க்குள் டீசல் எஞ்சினும் கொண்ட காருக்கு வரி 18 சதவீதம். மற்றவற்றுக்கு 40. மகிந்திரா தாரின் 1.5 லிட்டர் டீசல் ரகம் 18 சதவீதப் பட்டியலில் இடம்பிடிக்கிறது. அதே நீளமுள்ள மாருதி ஜிம்னியின் எஞ்சின் 1,462 சி.சி.தான், ஆனால் பெட்ரோல் என்பதால் 40 சதவீதம். விலைப்பட்டியலைப் பார்ப்பவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மலிவாகக் கிடைக்கும் அந்தத் தாரில் எஞ்சின் சுழற்றுவது பின்சக்கரங்களை மட்டுமே. அதே முகம், அதே முரட்டுத் தோள்கள்; முன்சக்கரங்களுக்கு இழுவை கிடையாது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் தார் வேண்டுமென்றால் பெரிய எஞ்சினுக்கும் 40 சதவீத வரிக்கும் போயாக வேண்டும். ஜிம்னியில் நான்கு சக்கர இழுவை எல்லா ரகத்திலும் உண்டு. பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ போன்றவற்றில் எவ்வளவு விலை கொடுத்தாலும் முன்சக்கர இழுவை மட்டும்தான்.

இழுவை இல்லாதது நஷ்டமா? போகிற பாதையைப் பொறுத்தது. கொல்கத்தாவின் தேங்கிய தண்ணீரில் நான்கு சக்கர இழுவை அநேகமாகப் பயன்படாது. அங்கே முக்கியம், எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. தார் 650 மி.மீ. ஆழம்வரை போகும் என்கிறது மகிந்திரா. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே புகுந்தால் எந்த வண்டியானாலும் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் இன்சூரன்ஸ் எடுக்காதவருக்கு அந்தச் செலவு பெரும்பாலும் சொந்தக் கணக்கில்தான். அன்றைய மழையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வண்டியை வீட்டிலேயே விடுவதுதான் புத்திசாலித்தனம்.

குண்டும் குழியுமான கிராமச் சாலைக்கும் இது பொருந்தும். 200 மி.மீ. அளவுக்குத் தரை இடைவெளி, பக்கவாட்டு உயரம் அதிகமுள்ள டயர், நிதானமான டிரைவர் இருந்தால் இரு சக்கர இழுவையே போதும்.

மலை வேறு கதை. அதே மேற்கு வங்கத்தின் வடகோடியில், மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயர சந்தக்பூவுக்குப் போகும் பாதையில் 1950களின் லேண்ட்ரோவர்கள் தலைமுறைகளாக ஆள் ஏற்றின. பலவற்றில் எஞ்சின்கூட மாற்றப்பட்டுவிட்டது. அவற்றை அந்தப் பாறைப் பாதையில் ஓட வைத்தது 'லோ ரேஞ்ச்' என்ற இரண்டாவது கியர் அடுக்கு. வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கி, இழுவிசையை இரட்டிப்பாக்கும் ஏற்பாடு அது. இறக்கத்தில் அதன் அருமை இன்னும் தெரியும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக் சூடேறிக் கைவிடாது; உயிர் தப்பும்.

தாரின் 4×4 ரகங்களிலும் ஜிம்னியிலும் லோ ரேஞ்ச் உண்டு. கிராண்ட் விட்டாராவின் நான்கு சக்கர ரகத்தில் கிடையாது. சேற்றுக்கும் வழுக்கலுக்கும் அது போதும், பாறை ஏற்றத்துக்குப் போதாது. தார், ஜிம்னி இரண்டிலும் காய்ந்த தார்ச்சாலையில் 4×4 கியரைப் போட்டு ஓட்டக் கூடாது என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பின் அச்சுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பற்சக்கரங்கள் கெடும்.

ஷோரூமில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வண்டிக்கு 4L என்ற நிலை இருக்கிறதா என்பது. அதற்கு முன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது, வருஷத்தில் எத்தனை நாள் அது வேண்டியிருக்கும் என்பது. கொல்கத்தாவிலிருந்து மானேபஞ்சன் வரை சுமார் 600 கி.மீ., பெரும்பகுதி நல்ல சாலை. அங்கே போய்ச் சேருபவர்களில் பலர் சொந்தக் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, உள்ளூர் டிரைவரின் வாடகை வண்டியில்தான் மேலே ஏறுகிறார்கள். சந்தக்பூ பாதையிலும் பல பகுதிகள் இப்போது கான்கிரீட் ஆகி, லேண்ட்ரோவர்களின் இடத்தை பொலேரோக்கள் பிடித்துவிட்டன. வருஷத்துக்கு இரண்டு நாள் மலையேற, லட்சக்கணக்கில் கூடுதல் பணமும் தினமும் கூடுதல் பெட்ரோலும் செலவழிப்பதைவிட வாடகை மலிவு. எஸ்டேட்டிலோ காட்டோரத்திலோ தினமும் சேற்றில் இறங்குபவருக்கு 40 சதவீத வரியும் வீண் செலவாகாது.