குந்தா மலையில் முதியோர்

ஒரு காலத்தில் குந்தா மலைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. கனடா நாட்டு உதவியோடு குந்தா மின்சாரத் திட்டம் நடந்த காலம் அது. அணை கட்டவும் சுரங்கம் வெட்டவும் ஏராளமானோர் மலையேறினார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. 1951-ல் நீலகிரி ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 12 ஆயிரம். பத்தே ஆண்டுகளில் அது 4 லட்சத்து 9 ஆயிரம் ஆயிற்று. 1964-ம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் இந்த ஜில்லாவில் குடியேறின.

பிறகு காற்று திசை மாறியது.

2001-ல் ஜில்லாவின் ஜனத்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. பத்து ஆண்டுகளில் 26,747 பேர் குறைவு! அந்தப் பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஜனத்தொகை குறைந்த ஜில்லா இது ஒன்றுதான்.

கொள்ளை நோய் எதுவும் வந்துவிடவில்லை. குடும்பங்கள் சிறுத்தன. பச்சைத் தேயிலை விலை விழுந்தது. கிடைக்கும் பணம் பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போனால், இளைஞன் என்ன செய்வான்? கோவைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினான். அவனைக் குறை சொல்ல முடியாது.

தாத்தாவும் பாட்டியும் வீட்டோடு நின்றுவிட்டார்கள்.

முதுமையில் வரும் வியாதி காய்ச்சல் மாதிரி நாலு நாளில் போவதல்ல. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் தினமும் மாத்திரை வேண்டும். முழங்கால் வலி வேறு. சமவெளியில் கைத்தடி ஊன்றி நடந்துவிடலாம். மலையில் தெருவுக்கு வரவே நாற்பது படி ஏறவேண்டும்!

ஊட்டியில் 700 படுக்கைகளுடன் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். வளைந்து வளைந்து போகும் பாதை. மழை பிடித்தால் அதுவும் கஷ்டம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை மலைவாசிகள் மறக்கவில்லை.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. உடல் இயக்கப் பயிற்சியும் தருகிறது. குந்தாவுக்கு ஏற்ற திட்டம் இதுவே.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையில் 3,000 பேருக்கு ஒன்று. மலைக்குச் சலுகை கொடுத்தது நியாயமே. ஆனாலும் கணக்கு தலை எண்ணிக்கையில்தான் நிற்கிறது. ஜனங்கள் குறைந்தால் வைத்தியமும் குறையலாமா? பத்து இளைஞர்கள் போன ஊரில், இருக்கும் பத்து முதியவர்களுக்கு முன்னைவிட அதிகக் கவனிப்பு அல்லவா தேவை?

ஆகவே, குந்தா போன்ற இடங்களில் முதியோர் எத்தனை பேர், வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்தே சர்க்கார் ஆட்களை நியமிக்க வேண்டும். ஒரு நர்ஸ் ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்க முடியும் என்பதை, மலைப்பாதையில் நடந்து பார்த்து முடிவு செய்யட்டும்.