எந்தச் சொல்லால் சொல்லச் சொல்கிறோம்?



ஒக்லாந்து முன்பள்ளிகளில் அடிக்கடி கேட்கிற வசனம்: "அடிக்காதே, சொல்லால சொல்லு." நல்ல வசனம்தான். தன் உணர்வையும் தேவையையும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கடிக்கவும் தள்ளவும் வேண்டி வராது. ஆனா வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த மூன்று வயதுப் பிள்ளை எந்தச் சொல்லால சொல்லும்? இங்கேயே பிறந்து இரண்டு மொழிக்குள்ளும் வளர்ந்த எனக்கு இது மொழி உரிமைக் கேள்வியாகத்தான் படுது.

மாவோரி மக்கள் இதை எப்பவோ கேட்டுவிட்டார்கள். 1982இல் வெலிங்டனுக்கு அருகே வைனுயோமாட்டாவில் முதலாவது கோஹங்கா ரேயோ, அதாவது மொழிக்கூடு, தொடங்கியது. பிள்ளையின் மொழி பள்ளி வாசலோடு நின்றுவிடுவதை எதிர்த்த அரசியல் அது. 1996இல் வந்த முன்பள்ளிப் பாடத்திட்டம் தெ ஃபாரிக்கி, பிள்ளைகளின் சொந்தப் பண்பாட்டு மொழிகளை வளர்த்துக் காக்க வேண்டும் என்கிறது. எங்கட பிள்ளைகளுக்காக நாங்களும் அதைக் காட்டிக் கேட்கலாம்.

தமிழிடம் கொடுக்க நிறைய இருக்கு. ஆங்கிலத்தில் கோபம் என்பது பிள்ளையின் நிலை. தமிழில் "எனக்குக் கோபம் வருது". வந்தது போகவும் செய்யும் என்பது அந்த வசனத்துக்குள்ளேயே இருக்கு.

ஆனா சும்மா பெருமைப்படவும் ஏலாது. தமிழ்ப் பள்ளியில் ஆத்திசூடி ஒப்பிக்கிற பிள்ளைக்கு, "எனக்கு இது பிடிக்கேல்லை", "தொடாதேங்கோ" என்று ஒரு பெரியவரிடம் சொல்லப் பழக்கியிருக்கிறோமா? "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா", "பெரியாக்களுக்கு வாய் காட்டாதே" என்பதும் எங்கட தமிழ்தான். போரிலிருந்து தப்பி வந்த பல வீடுகளில் பேசாமல் இருந்ததே பாதுகாப்பு. அந்த மௌனத்தையும் பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்கள்.

சொல் இருந்தாலும் காது வேணும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட சுமார் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் போதும் என்கிறது இங்குள்ள விதி. அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அது சொல்லி முடிக்கும்வரை கேட்டால், மற்ற ஒன்பதையும் யார் பார்க்கிறது? அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2025 மே மாதம் அரசாங்கம் அவசர அவசரமாக நிறைவேற்றிய சட்டத் திருத்தம் 33 சம ஊதியக் கோரிக்கைகளை ஒரேயடியாக நிறுத்தியது. முன்பள்ளி ஆசிரியர்களின் கோரிக்கையும் அதில் அடக்கம்.

ஆகவே இதைப் பெற்றோரின் திறமை, திறமையின்மை என்று சுருக்க வேண்டாம். வீட்டில் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு மரியாதை கொடுப்போம். முன்பள்ளியில் பிள்ளையின் மொழி தெரிந்த ஆட்களையும், ஒருவருக்குக் குறைவான பிள்ளைகளையும், நியாயமான சம்பளத்தையும் கேட்போம். ஆசிரியர் சங்கம் தெருவில் இறங்கும்போது நாங்களும் பக்கத்தில் நிற்போம்.