உங்கள் வேலையை உங்கள் வாயால் சொல்லுங்கள்



சுயதொழில் செய்கிற எங்களில் பலருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கண்காட்சியிலோ விற்பனைச் சந்தையிலோ ஆங்கிலம் கதைக்கிற ஒருவர் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றால், நாங்கள் ஓர் அடி பின்னுக்குப் போய்விடுவோம். கண்கள் தாமாகவே நிறுவனத்து அலுவலரைத் தேடும். "மிஸ், ஒருக்கா வந்து கதையுங்கோவன்" என்று கூப்பிடுவோம். மிஸ் வந்து கதைப்பார். நாங்கள் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்போம்.

அந்த மிஸ் நல்லவர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்தது எங்கள் கதை. எங்கள் கடகத்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. சார்வோலை எத்தனை நாள் காய்ந்தது, சாயம் தண்ணீரில் போகுமா, கிழமைக்கு எத்தனை பின்னலாம் என்பதெல்லாம் பின்னுகிற எங்களுக்குத்தான் தெரியும். ஆகவே அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். "இவவின் கணவர் யுத்தத்தில் இறந்துவிட்டார், மூன்று பிள்ளைகள், மிகவும் கஷ்டம்" என்பார். வந்தவரின் முகம் மாறும். பாவம் என்று ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

சகோதரிகளே, இரக்கத்துக்கு ஒரு பெட்டி விலைப்படும். நூறு பெட்டிக்கு ஓடர் வரவேண்டுமென்றால் வந்தவருக்கு இரக்கம் போதாது, நம்பிக்கை வேண்டும். நிறுவனங்களின் அறிக்கைகளில் எங்களுக்குப் பெயர் 'பயனாளி'. வாங்க வருகிறவர் தேடுவது உற்பத்தியாளரை. அந்த உற்பத்தியாளர் நான்தான் என்று எங்கள் வாயாலேயே சொல்லப் பழகவேண்டும். இந்த மாதம் அதைப்பற்றித்தான் கதைக்கப்போகிறோம்.

ஆங்கிலம் ஏன்?

ஆங்கிலம் வெள்ளைக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதே திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. கொழும்பிலிருந்து வருகிற ஹொட்டேல் கொள்வனவு அலுவலருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், எங்களுக்குச் சிங்களம் தெரியாமல் இருக்கலாம். இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்ச ஆங்கிலம் பாலமாக நிற்கும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற எங்கள் உறவுகளின் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கும் தமிழைவிட ஆங்கிலம்தான் இலகு. யாழ்ப்பாணத்தில் 2010 ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிற சர்வதேச வர்த்தகக் கண்காட்சி போன்ற இடங்களில் இப்படிப்பட்ட எல்லோரையும் காணலாம்.

பாலம் என்றால் நடந்து கடக்கத்தான். அதற்கு அலங்காரம் தேவையில்லை. இலக்கணம் பிழைத்தால் சரக்கின் தரம் குறையாது.

நான்கு வசனம்

"வட் டூ யூ டூ?" என்று ஒருவர் கேட்டால், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்பதாக எடுக்கவேண்டாம். உங்கள் தொழில் என்ன என்பதுதான் கேள்வி. அதற்கு நான்கு வசனம் போதும். யார், என்ன, எவ்வளவு, என்ன தேவை என்ற ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஐ ஆம் ஃப்ரொம் கிளிநொச்சி." (நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவள்.)

"ஐ மேக் பாஸ்கற்ஸ் ஃப்ரொம் பல்மைரா லீவ்ஸ்." (பனையோலையில் பெட்டிகள் செய்கிறேன்.)

"வீ ஆர் டென் விமன். வீ மேக் டூ ஹண்ட்ரட் பாஸ்கற்ஸ் எ மன்த்." (நாங்கள் பத்துப் பெண்கள். மாதம் இருநூறு பெட்டி செய்வோம்.)

"ஐ ஆம் லுக்கிங் ஃபோர் ஷொப்ஸ் அன்ட் ஹொட்டேல்ஸ்." (வாங்கக்கூடிய கடைகளையும் ஹொட்டேல்களையும் தேடுகிறேன்.)

இரண்டாவது வசனத்தில்தான் உங்கள் தொழில் இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ளுங்கள். தையல் என்றால் "ஐ ஸோ ஸ்கூல் யுனிஃபோர்ம்ஸ்". எழுத்தைப் பார்த்து 'சியூ' என்று வாசிக்காதீர்கள், 'ஸோ' என்பதுதான் உச்சரிப்பு. நெசவு என்றால் "ஐ வீவ் சாரீஸ்". கருவாடு என்றால் "ஐ மேக் ட்ரை ஃபிஷ்". தோட்டம் என்றால் "ஐ க்ரோ சில்லீஸ்". 'ஐ ஆம் டூயிங்' என்று சுற்றிவளைக்கத் தேவையில்லை. 'ஐ மேக்', 'ஐ ஸோ', 'ஐ க்ரோ' என்று நேரே சொன்னால் இதுதான் என் தொழில் என்று விளங்கும்.

நான்காவது வசனத்தை எங்கள் பெண்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கேட்பது கூச்சம் என்று நினைக்கிறார்கள். ஆனால் என்ன தேவை என்று சொன்னால்தான் வந்தவர், "எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இருக்கிறார்" என்று சொல்ல வழி பிறக்கும்.

"இஸ் இற் எ கம்பனி?" என்றும் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். கம்பனி என்பது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் பதிவது. பிரதேச செயலகத்தின் ஊடாக வியாபாரப் பெயர் பதிந்து நடத்துகிறவர் "ஐ ஹாவ் எ ரெஜிஸ்டர்ட் பிஸ்னஸ்" என்று சொல்லலாம். கூட்டுறவுச் சங்கம் என்றால் "வீ ஆர் எ கோ-ஒப்பரேற்றிவ்". ஒன்றும் பதியாத குழு என்றால் "வீ ஆர் எ விமன்ஸ் குரூப்". இதில் எதுவும் குறைவான சொல் இல்லை. இல்லாத கம்பனியைச் சொன்னால், பில் கேட்கிறபோது சிக்கல் வரும்.

பெயரை மாற்றவேண்டாம்

எங்கள் பொருட்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. இல்லாத சொல்லைத் தேடித் திணறவேண்டாம். தமிழ்ப் பெயரைச் சொல்லுங்கள், பிறகு அது எதற்கு என்று சொல்லுங்கள். "திஸ் இஸ் நீற்றுப்பெட்டி. வீ ஸ்டீம் பிட்டு இன் இற்." கேட்டவருக்குப் பெயரும் பயனும் சேர்ந்து நினைவில் நிற்கும். புழுக்கொடியல் என்றால் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது: "வீ பொயில் இற் அன்ட் ட்ரை இற்." பனங்கட்டி என்றால் "பல்மைரா ஜகரி". வாயில் போட ஒரு துண்டு கொடுத்துவிட்டால் மீதியை அந்தப் பனங்கட்டியே சொல்லும்.

எண்களில் கவனம்

கதையில் பிழைத்தாலும் கணக்கில் பிழைக்கக்கூடாது. ஆங்கிலத்தில் மிகவும் ஏமாற்றுகிற எண்கள் 13 உம் 30 உம், 15 உம் 50 உம். 'தேர்ட்டீன்' என்பதில் கடைசி நீளும், 'தேர்ட்டி' என்பது சட்டென்று முடியும். சந்தைச் சத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆகவே விலையை வாயால் சொல்லும்போதே கடதாசியில் எழுதிக் காட்டுங்கள், அல்லது கல்குலேற்றரில் அடித்துக் காட்டுங்கள். வெளிநாட்டவருக்கு 'லட்சம்' விளங்காது. ஒரு லட்சம் என்பதை "வன் ஹண்ட்ரட் தௌசன்ட்" என்று சொல்லவேண்டும்.

ஒரு பெட்டியின் விலை, மொத்தமாக எடுத்தால் விலை, ஆகக் குறைந்தது எத்தனை எடுக்கவேண்டும், எத்தனை கிழமையில் தருவீர்கள். இந்த நான்கையும் முதலே எழுதிவைத்துக்கொண்டு போங்கள். பெரிய ஓடர் என்றால் முற்பணம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. "ஹாஃப் அட்வான்ஸ், ப்ளீஸ்" என்று கேட்கலாம்.

தலையாட்டவேண்டாம்

விளங்காவிட்டாலும் சிரித்துத் தலையாட்டுவது எங்கள் பண்பு. வியாபாரத்தில் அந்தத் தலையாட்டலுக்கு 'சம்மதம்' என்று பொருள். இரண்டு கிழமையில் முந்நூறு பெட்டி என்று அவர் கேட்டதற்கு நாங்கள் தலையாட்டினால், நித்திரை முழிக்கப்போவது எங்கள் குழுவில் உள்ள பத்துப் பெண்களும்தான்.

விளங்காவிட்டால் "ப்ளீஸ் சே இற் ஸ்லோலி" என்று சொல்லுங்கள். உடனே முடிவெடுக்க முடியாவிட்டால் "ஐ வில் ஆஸ்க் மை குரூப் அன்ட் டெல் யூ" என்று சொல்லுங்கள். என் குழுவைக் கேட்டுச் சொல்கிறேன் என்ற இந்த ஒரு வசனம் எத்தனையோ நட்டத்திலிருந்து எங்களைக் காப்பாற்றும்.

சுயதொழில் செய்யும் பெண்களோடு கண்காட்சிகளுக்குப் போய்வருகிற எனக்கு, வன்னியிலிருந்து வந்த ஓர் அக்காவை மறக்க முடியாது. நூற்றைம்பது பெட்டியை மூன்று கிழமையில் கேட்டார் ஒருவர். கார்த்திகை மாதம், மழைக்காலம். அக்கா நான்கு விரலைக் காட்டி, "நோ. ஃபோர் வீக்ஸ். ரெய்ன். லீஃப் நோ ட்ரை" என்றா. இலக்கணம் பார்த்தால் ஒன்றும் சரியில்லை. ஆனால் ஓலை மழையில் காயாது, ஈர ஓலையில் பின்னினால் பூஞ்சணம் பிடிக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் இதைச் சொல்லமுடியும் என்பது வந்தவருக்கு விளங்கியது. நான்கு கிழமைக்குச் சம்மதித்து முற்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற எந்த மிஸ்ஸாலும் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது.

வேறு கேள்விகள்

சிலர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யுத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள். கணவர் எங்கே, யாரை இழந்தீர்கள், எந்த முகாமில் இருந்தீர்கள் என்பார்கள். அனேகமானோர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் உரிமை. சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளுக்காக வீதியில் இருந்து உரத்துக் கேட்கிற தாய்மார் எங்கள் மத்தியிலேயே இருக்கிறார்கள். அது நீதிக்கான குரல். ஆனால் பெட்டியை விற்பதற்காக அந்தத் துயரத்தை விரித்துக் காட்டவேண்டும் என்று எவரும் எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

விரும்பாதபோது அமைதியாக "ஐ லைக் டு டோக் எபவுட் மை வேர்க்" என்று சொல்லுங்கள். என் வேலையைப் பற்றிக் கதைக்கவே விரும்புகிறேன் என்று பொருள். பிள்ளைகளைப் படம் எடுக்க வந்தால் "நோ ஃபோட்டோ, ப்ளீஸ்". அலுவலர் உதவிக்கு வந்தால் அவரிடமும் முன்கூட்டியே, "மிஸ், பொருளைப் பற்றி நான் சொல்லுறன். நான் திணறினால் மட்டும் உதவி செய்யுங்கோ" என்று சொல்லிவையுங்கள். நல்ல அலுவலர் சந்தோஷப்படுவார்.

கண்காட்சி முடிந்த பிறகு

பெயர், பொருள், தொலைபேசி எண் ஆங்கிலத்தில் எழுதிய சிறு அட்டை கையில் இருக்கட்டும். அச்சடிக்கக் காசில்லாவிட்டால் கையால் எழுதிய அட்டையும் போதும். வந்தவரின் இலக்கத்தையும் வாங்கி, இரண்டு நாளுக்குள் வட்ஸ்அப்பில் பொருளின் படத்தோடு "வீ மெற் அற் த ஃபெயர். ஐ மேக் பல்மைரா பாஸ்கற்ஸ்" என்று அனுப்புங்கள். நூறு மேசைகளைப் பார்த்தவருக்கு உங்கள் மேசை நினைவுக்கு வரவேண்டும் அல்லவா?

இம்மாத வீட்டுவேலை: உங்கள் நான்கு வசனங்களையும் ஒரு கொப்பியின் முன் பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். பாடசாலையில் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். உங்கள் பிள்ளையை வாங்க வருகிறவராக நிற்கவைத்துத் தினமும் ஐந்து நிமிடம் கதைத்துப் பழகுங்கள். பிள்ளை சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள், வசனத்தை மட்டும் விடவேண்டாம். எழுதிய வசனங்களை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

விலையைச் சொல்லத் துணிவு வந்தால், அந்த விலை சரியாகப் போட்டதாக இருக்கவேண்டும். ஓலைக்கும் சாயத்துக்கும் கணக்குப் பார்க்கிற நாங்கள் எங்கள் கைவேலைக்கு எவ்வளவு போடுகிறோம்? அதை அடுத்த மாதம் பார்ப்போம்.