நாலு சுவருக்குள்ளே

'ஆபீஸ்ல ஏதுங்க சாதி? அதெல்லாம் கிராமத்துலதான்.' நகரத்து நண்பர்களின் வசனம் இது. சொல்கிறவர்கள் முற்போக்காளர்கள். சேரியில் குடிசை எரிந்தால் கண்டனக் கூட்டத்துக்கு வருகிறவர்கள். அவர்களைக் கேட்கிறேன்: மாற்றலாகி வந்த குமாஸ்தாவிடம் முதல் நாளே 'சொந்த ஊர் எது சார், ஊர்ல எந்தத் தெரு?' என்று எதுக்கு விசாரிக்கிறீங்க? தெரு தெரிந்ததும் பேச்சு ஏன் நின்னு போவுது?

அலுவலகத் தீண்டாமைக்குத் தனிக்குவளை வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டில் ஒரு டிபன் பாக்ஸ் மட்டும் யார் கையும் படாமல் கிடக்கும். கேஷில் நூறு ரூபாய் குறைந்தால் எல்லார் கண்ணும் ஒரே ஆள் மேல் போகும். பதவி உயர்வு வந்தால் 'கோட்டா', வராவிட்டால் 'தகுதியில்லை'. வங்கியைக் கூட்டிப் பெருக்கும் பகுதிநேர ஊழியருக்கு மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று சம்பளத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு மரியாதையும் அதே கணக்குதான்.

அமெரிக்காவில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கரின் மேசைக்குப் பியூன்கள் தூரத்தில் நின்று கோப்புகளை வீசினார்கள். இன்றைக்கு யாரும் வீசுவதில்லை. முக்கியமான கோப்பு நம்ம மேசைக்கு வருவதே இல்லை.

'அதான் வன்கொடுமைச் சட்டம் இருக்கே' என்பார்கள். இருக்கிறது, 1989இலிருந்து. ஆனால் அந்தச் சட்டத்தில், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள் வெளிச்சாட்சி இல்லாமல் நடந்தது இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் திருச்சி மாவட்ட வழக்கொன்றிலும் அதையே சொன்னது. வருவாய்த்துறை ஊழியரை அவருடைய அலுவலக அறையிலேயே சாதி சொல்லித் திட்டியதாகப் புகார். சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள்; ஆகவே பொதுப் பார்வை இல்லை, வழக்கு ரத்து. நீதிமன்றம் சட்டத்தின் வாசகத்தைப் படித்தது. நம் சண்டை அந்த வாசகத்தோடுதான். எந்த மேலதிகாரி நடுஹாலில் நின்று திட்டுகிறான்? கேபின் கதவைச் சாத்திக்கொண்டல்லவா திட்டுகிறான்!

கதவுக்குப் பின்னால் நடப்பதைக் கேட்கும் சட்டமும் இந்த நாட்டில் இருக்கிறது. அரசின் மகளிர் திட்டத்தில் வேலை பார்த்து, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன ராஜஸ்தானின் பன்வாரி தேவி, 1992இல் ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அவர் குயவர் சாதிப் பெண். குற்றம் சாட்டப்பட்டவர்களை 1995இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. அதை ஒட்டி எழுந்த போராட்டத்தில் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது, 2013இல் சட்டம் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். வெளியாள் ஒருவர் அதில் இருக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். புகாருக்குள்ளானவர் புகார் கொடுத்தவரின் ரகசிய அறிக்கையை எழுதாதபடி தடுக்கலாம். பன்வாரியைப் பெண் என்றும் தாக்கினார்கள், கீழ்ச்சாதி என்றும் தாக்கினார்கள். சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

விட்டதைக் கேட்போம். சாதி இழிவுக்கும் ஒவ்வொரு பணியிடத்திலும் அதே மாதிரி குழு வேண்டும். அதில் பாதிப்பேர் தலித்துகளும் பழங்குடிகளுமாக இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. செல் இருக்கே என்று மழுப்ப வேண்டாம். ரோஸ்டர் பார்ப்பதற்கே அதற்கு நேரம் சரியாக இருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றம் 2023இல் வேலையிடச் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்துவிட்டது. சாதி பிறந்த மண்ணில் நாம் இன்னும் 'பொதுப் பார்வை'க்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாகச் சங்கத் தோழர்களுக்கு. 'தொழிலாளிக்கு ஏது சாதி' என்று வாயிற்கூட்டத்தில் முழங்குகிறீர்கள். சந்தோஷம். அடுத்த ஊதிய ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில், பஞ்சப்படிக்குப் பக்கத்திலேயே, இந்தக் குழுவையும் ஒரு வரி எழுதுங்கள். எழுதுகிறபோது யார் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லுங்க, தொழிலாளிக்குச் சாதி இருக்கா இல்லையான்னு.