சேர்வராயன் மலையில் இருவர் நடை

சேர்வராயன் மலையில் குளிர்காலத்துக்கு இரண்டு முகம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டும் தெரிகிற மூடுபனி. மார்கழி பாதி கழிந்ததும் வானம் தெளிந்து, பகலில் இதமான வெயிலும் இரவில் கடுங்குளிருமாக மாறிவிடும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. மலைமேலுள்ள ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, கீழே இருப்பதைவிட மேலே ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12, 13 டிகிரிவரை இறங்குவது வழக்கம். வியர்க்காமல் வெகுதூரம் நடக்க இதைவிட ஏற்ற பருவம் தமிழ்நாட்டில் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் போர்வையைவிட்டு வெளியே வரத் தயங்குவதும் இதே பருவத்தில்தான்.

தயக்கத்துக்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. குளிர்ந்த காற்று பட்டதும் தோலுக்கு அருகிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் சற்று ஏறுகிறது. மூட்டுகள் விறைக்கின்றன. தாகம் எடுப்பது குறைகிறது. ஆனால் மூச்சு வழியாகவும் சிறுநீர் வழியாகவும் நீர் போய்க்கொண்டுதான் இருக்கும். முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடுவரை தசை குறைகிறது என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறையத் தொடங்கும். ஆக, நடு வயதில் இரண்டு மாதம் முடங்கிக் கிடந்தால் இழந்த தெம்பைத் திரும்பப் பெற இளவயதைவிட அதிக நாள் பிடிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும். அத்துடன் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும். இந்தியாவில் இந்த அளவை எட்டாதவர்கள் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2024இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களில் சுமார் 42 விழுக்காடு, பெண்களில் சுமார் 57 விழுக்காடு. ஒரே வீட்டில், ஒரே சோற்றை உண்டு வாழும் இருவருக்குள் இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதை வார இறுதி காட்டிக்கொடுத்துவிடும்.

மலையிலேயே வாழ்பவர்களுக்குக் குளிர்காலம் ஓய்வுக்காலம் அல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கு காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து மலையின் வேலை நாள்காட்டி காப்பியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. பங்குனி, சித்திரையில் கோடைமழை பட்டதும் பூக்கும் அரபிகா செடி எட்டு, ஒன்பது மாதம் கழித்துப் பழுக்கும். நவம்பரில் தொடங்கும் பழப் பறிப்பு தை, மாசிவரை நீள்வதுண்டு. ஒரு கொத்தில் உள்ள எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை. பச்சையை விட்டுப் பழத்தை மட்டும் பறிக்க வேண்டியிருப்பதால் அதே செடியிடம் மூன்று, நான்கு முறை வர வேண்டும். இடுப்பில் பழம் சேர்க்கும் பையுடன் சரிவில் நின்று கிளையை வளைத்துப் பிடிப்பது, நிரம்பியதும் மூட்டையில் கொட்டுவது, மாலையில் அதை எடை போடும் இடத்துக்குச் சுமப்பது என்று நாள் முழுவதும் கால், முதுகு, தோள் மூன்றுக்கும் வேலை. பிறகு களம். வெயிலில் பரப்பிய காப்பியை மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும்; அந்தி சாய்வதற்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் இரவுப் பனி இறங்கிவிடும். இதே மாதங்களில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகும் முற்றுவதால், ஏணி வைத்து ஏறும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

சிறு தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தே இந்த வேலைகளைச் செய்கிறார்கள். ஏணியில் ஏறுவது பெரும்பாலும் ஆண்; கீழே உதிர்ந்ததைப் பொறுக்குவதும் பழம் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண். இவர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் பேச ஒன்றுமில்லை. இவர்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: குனிந்தே செய்யும் வேலைக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் இடைவெளி, சுமைக்கு ஒரு வரம்பு, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு.

மலைக்கு வார இறுதியில் வந்துபோகிறவர்களின் நிலை வேறு. சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் கடையிலோ வங்கியிலோ பள்ளியிலோ வாரம் முழுவதும் உட்கார்ந்தும் நின்றும் வேலை பார்ப்பவர்கள் இவர்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் காரில் கடந்து, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் கைப்பேசிப் படம், பக்கோடா பாயிண்டில் இன்னொரு படம் என்று முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். மலைக்குப் போய்வந்த கணக்கு சேரும். நடந்த கணக்கு சேராது.

நடக்க முடிவெடுக்கும் தம்பதியரிடம் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி கணவர் இருபதடி முன்னால் போவார். தண்ணீர்ப் பாட்டிலும் ஸ்வெட்டரும் தின்பண்டமும் அடைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவி பின்னால் வருவார். "ஏங்க, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்" என்ற குரல் கேட்டதும் அவர் நின்று திரும்பிப் பார்ப்பார். மனைவி பக்கத்தில் வந்து சேர்ந்ததும், மூச்சு வாங்க விடாமல் மீண்டும் கிளம்பிவிடுவார். காத்திருந்தவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, வந்து சேர்ந்தவருக்குக் கிடைக்கவில்லை.

சேர்ந்து நடந்தால் வேகம் குறையும் என்பது உண்மைதான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 72 தம்பதியரை நடக்கவைத்துப் பார்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, துணையுடன் நடக்கையில் வேகம் குறைவதையும் கைகோத்தால் இன்னும் குறைவதையும் காட்டியது. சமதளத்தில் இது ஒரு குறை; வேகம் போனால் பயிற்சியின் பலனும் குறையும். மலைச்சாலையில் அந்தக் குறையைச் சரிவு ஈடுகட்டிவிடுகிறது. ஏற்றத்தில் மெதுவாக நடந்தாலே இதயத்துக்கு வேண்டிய வேலை கிடைத்துவிடும். நடு வயதுத் தம்பதியர் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் நடப்பதற்கு ஏற்காடு பொருத்தமான இடம் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். வேகமாக நடப்பவருக்கு இன்னும் வேலை வேண்டுமானால் பையை அவர் தோளுக்கு மாற்றிவிடலாம்.

சரியான வேகம் எது என்று அறிய கருவி எதுவும் தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உழைப்பின் அடையாளம். பேச்சு அறுந்து இருவரில் ஒருவர் 'ம்' மட்டும் கொட்டத் தொடங்கினால், கோபமாகவும் இருக்கலாம், மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம்; இரண்டுக்கும் வேகத்தைக் குறைப்பதே நல்லது.

வழியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் நாள் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகள் போதும். இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குள் நடப்பது முழங்காலுக்குச் சிரமம் தராது. அடுத்தது சேர்வராயன் கோயில் இருக்கும் தட்டையான மலையுச்சி. 1,600 மீட்டருக்கு மேல் உயரம். குகை போன்ற தாழ்ந்த கோயிலுக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். வண்டி உச்சிக்கு அருகிலேயே போய்விடும். கீழேயே இறங்கிக்கொண்டு கடைசிப் பகுதியை நடந்து ஏறினால் நல்ல உழைப்பு. இங்கே தெம்பு இருக்கும்போது ஏற்றம், களைத்த பிறகு இறக்கம். கிளியூர் நீர்வீழ்ச்சியில் இது தலைகீழ்: முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே உடலைத் தாங்கிப் பிடிப்பதால், வலி அன்றைக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இறங்கியதற்குத் திங்கள், செவ்வாயில் வீட்டு மாடிப்படி கணக்குக் கேட்கும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் கிளியூரை மேலிருந்தே பார்த்துவிட்டு வரலாம். எஸ்டேட்டுகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் ஊடாகப் போகும் 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலை ஒரே நாளில் நடப்பதற்கானது அல்ல. வண்டியில் போய், பிடித்த இடத்தில் இறங்கி இரண்டு, மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டு ஏறிக்கொள்ளலாம்.

நேரமும் முக்கியம். விடியற்காலைக் குளிரும் அந்த நேரத்தில் இயல்பாகவே ஏறும் ரத்த அழுத்தமும் ஒன்றுசேர்வதால், இதய நோய் உள்ளவர்கள் வெயில் வந்தபின் எட்டு மணிவாக்கில் கிளம்புவது பாதுகாப்பு. ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால் காற்று சற்றுச் சூடேறி உள்ளே போகும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களின் சட்டைப்பையில் குளுக்கோஸோ கடலை மிட்டாயோ இருக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகம் நடக்கும் நாளில் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். மாலை ஐந்தரைக்குள் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அந்தி நேரத்தில் தோட்டங்களை ஒட்டிய சாலையில் காட்டெருமை நிற்கும். எதிர்ப்பட்டால் விளக்கடிக்காமல், படம் எடுக்காமல், வந்த வழியே பின்வாங்குவதுதான் முறை.

மலையில் நடப்பது எப்போதாவது ஒரு ஞாயிறு. மீதி ஞாயிறுகள் வீட்டில் கழிகின்றன; தம்பதியரின் உடல்நலம் அங்கேதான் தீர்மானமாகிறது. பொதுவாக நடு வயது வீட்டு ஞாயிறு இப்படி இருக்கும்: காலையில் கறிக்கடை வரிசை, பத்து மணிக்கு இஞ்சி பூண்டு அரைப்பு, ஒன்றரைக்குச் சாப்பாடு, பிறகு ஒருவருக்கு உறக்கம், இன்னொருவருக்குப் பாத்திரம். சாயங்காலம் வாரத்துக்கான இட்லி மாவு. கணவரின் விடுமுறை நாள் மனைவிக்கு அடுப்படியில் அதிக வேலையுள்ள நாளாகிவிடுகிறது. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம்; ஆண்கள் 88 நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் 201 நிமிடம். வாரத்துக்குப் பரிந்துரைக்கப்படும் குறைந்தபட்ச நடையைவிட இது அதிகம். 'நீயும் நடக்க வாயேன்' என்ற அழைப்பு பலன் தர வேண்டுமானால், பாத்திரமும் மாவரைப்பும் கைமாற வேண்டும்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று சொல்வதுண்டு. ஓரளவே உண்மை. மார்கழியில் வாசல் தெளித்துப் பெரிய கோலம் போடுவதில் குத்துக்காலிடுவது, எழுவது, நகர்வது எல்லாம் இருக்கின்றன. தொடைக்கும் இடுப்புக்கும் நல்லது. அடுப்புமுன் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நிற்பதில் அது எதுவும் இல்லை. கால் வீக்கம்தான் மிச்சம். தசைக்கான வாரம் இரு நாள் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம்: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது, சுவரில் கை பதித்துத் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நடப்பது. வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

நகரங்களில் சேர்ந்து நடப்பதற்கு அரசே ஒரு வழி போட்டிருக்கிறது. 2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன; மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே மருத்துவ முகாமும் நடத்துவது திட்டம். முதல் நாளே எட்டையும் நடக்க வேண்டும் என்பதில்லை. வாரத்தில் ஐந்து நாள் தலா 30 நிமிடம் நடந்தாலே 150 நிமிடக் கணக்கு நிறைந்துவிடும். அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற்காட்டுச் சரிவு சுகமாக இருக்கும். வாரம் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு ஞாயிறு மட்டும் மலையேறுகிறவர்களுக்கு மூட்டு வலியும் தசைப்பிடிப்பும் வரும் வாய்ப்பு அதிகம். மார்கழியில் ஏற்காடு போக நினைக்கும் தம்பதியர், ஐப்பசியிலேயே தெருவில் நடக்கத் தொடங்கிவிட வேண்டும்.